சிங்கப்பூர் செலவு கட்டுப்படும், பட்டியல் கட்டுப்படாது

கேள்வி: தஞ்சாவூரில் தனியார் நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறேன். மாதச் சம்பளம் 46,000 ரூபாய். நானும் மனைவியும் ஐந்து இரவுகள் தங்குவதாகச் சிங்கப்பூர் போகிறோம். சேமித்த 1,35,000 ரூபாயில், 42,000 ரூபாய்க்குத் திருச்சியிலிருந்து போக வர விமானச் சீட்டு எடுத்துவிட்டோம். உறவினர்கள் பட்டியல் போட்டுக் கேட்ட சாமான்களுக்கு மட்டும், ஒரு தங்க மோதிரம் உட்பட, 95,000 ரூபாய் ஆகும் போலிருக்கிறது. திரும்பி வந்ததும் தருவதாகச் சொல்கிறார்கள். வங்கி ஒரு லட்சம் தனிநபர் கடன் தர முன்வந்துள்ளது. மைத்துனருக்கு வாங்கிக் கொடுத்த போனுக்காகக் கிரெடிட் கார்டில் ஏற்கெனவே 22,000 ரூபாய் பாக்கி. மாதம் 1,100 ரூபாய் குறைந்தபட்சத் தொகை கட்டுகிறேன். கடன் வாங்கலாமா? வெளிநாட்டுச் செலவுக்கென்று விளம்பரப்படுத்தப்படும் கார்டு எடுக்கலாமா?

பதில்: நீங்கள் சிங்கப்பூர் பார்ப்பதற்குக் கடன் தேவையே இல்லை என்பதை உங்கள் கடிதத்தில் உள்ள எண்களே சொல்கின்றன. சீட்டு போகக் கையில் 93,000 இருக்கிறது. சிங்கப்பூர் டாலரைத் தோராயமாக 68 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லிட்டில் இந்தியா பக்கம் சிறிய அறை இரவுக்கு 110 டாலர் என்றால் ஐந்து இரவுக்கு ஏறத்தாழ 38,000 ரூபாய். தேக்கா சென்டர் போன்ற உணவங்காடிகளில் ஒரு வேளைக்கு ஒருவருக்கு ஐந்தாறு டாலரில் வயிறு நிறையும் என்பதால், காப்பி உட்பட இருவருக்கும் நாளுக்கு 40 டாலர் போதும், அது 14,000. (சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்துக்கொண்டுபோய் உரிய இடத்தில் வையுங்கள், மேசையிலேயே விட்டுச் செல்வது அங்கே அபராதத்துக்குரியது.) குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், ஆகவே ஆளுக்கொரு புட்டி கொண்டுபோனால் தண்ணீர்ச் செலவு இல்லை. ரயிலுக்கும் பேருந்துக்கும் 5,000, விசாவுக்கும் முகவர் கட்டணத்துக்கும் 6,000, பயணக் காப்பீட்டுக்கு 2,000. தாவரவியல் பூங்காவும், மெர்லயன் சிலையும், கார்டன்ஸ் பை தி பேயின் வெளித்தோட்டமும், அங்கே மாலையில் நடக்கும் ஒளிக்காட்சியும் இலவசம். உயிரியல் பூங்கா போல ஏதாவது ஒன்றுக்கு 10,000 ஒதுக்குங்கள். மொத்தம் 75,000. மீதி 18,000 இருக்கிறது.

ஆக, அந்த ஒரு லட்சம் கடன் முழுக்க முழுக்க மற்றவர்களின் பட்டியலுக்காகத்தான். 15 சதவீத வட்டியில் மூன்றாண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 3,470 ரூபாய். முடிவில் கட்டியிருப்பது 1,25,000. உறவினர்கள் வாங்கிய விலையைத்தான் திருப்பித் தருவார்கள், அதுவும் எல்லாரும் தந்தால். மேலே உள்ள 25,000 உங்கள் தலையில்தான். வந்ததும் தருவார்கள் என்ற நம்பிக்கைக்கு மைத்துனரின் போனே சாட்சியாக நிற்கிறது. நீங்கள் கட்டும் 1,100 ரூபாயில், மாதம் மூன்றரை சதவீதம் என்று கொண்டால், வட்டி 770, அதன்மேல் ஜிஎஸ்டி 139 போக, அசலில் குறைவது 191 ரூபாய் மட்டுமே. இந்த நிலையில் இன்னொரு பட்டியலை உங்கள் பெயரில் ஏற்றுக்கொள்வதைத் தாராள மனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பட்டியலில் ஒரு தங்க மோதிரம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதை இப்போதே அடித்துவிடுங்கள். நகைக்கான சுங்க விலக்கு ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புகிறவர்களுக்கு. ஐந்து நாள் சுற்றிவிட்டு வருகிறவர்களுக்கு அல்ல. ஊர் திரும்பும்போது சிங்கப்பூர் விமான நிலையத்தில், அங்கே வாங்கிய பொருளுக்குக் கட்டிய 9 சதவீத வரியைத் திரும்பப் பெறலாம் என்று கடைக்காரர்கள் சொல்வது உண்மைதான், ஆனால் அது குறைந்தது 100 டாலருக்கு வாங்கினால்தான், அதிலும் சேவைக் கட்டணம் கழியும். திரும்பக் கிடைக்கும் சிறு தொகைக்காகப் பெரிய தொகையைச் செலவழிக்க வைப்பதற்குத்தான் அந்த ஏற்பாடு பெரும்பாலும் பயன்படுகிறது.

கார்டு விஷயம் அத்தனை பெரிதல்ல. சாதாரண கார்டில் அந்நியச் செலாவணிக் கட்டணம் மூன்றரை சதவீதமும் அதற்கு வரியும் சேர்ந்து நூறு ரூபாய்க்கு நாலு ரூபாய்ச் சொச்சம் போகும். அங்கே போய் நீங்கள் தேய்க்கப்போகும் 30,000 ரூபாய்க்கு அது 1,200 ரூபாய்தான். அந்தக் கட்டணம் இல்லை என்று விற்கப்படும் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் இருந்தால் மிச்சமானது அங்கேயே கரைந்துவிடும், உங்கள் சட்டைப்பையில் இன்னொரு கார்டு ஏறியதுதான் மிச்சம். இருக்கும் கார்டைக் கொடுக்கும்போது இயந்திரம் ரூபாயா டாலரா என்று கேட்டால், மறக்காமல் டாலர் என்று அழுத்துங்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் அவர்கள் வைத்த மாற்று விலைக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கும்.

மீதமுள்ள 18,000 ரூபாயில் 10,000 ரூபாயை நாளைக்கே கார்டு பாக்கியில் கட்டிவிட்டு, 8,000 ரூபாயை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் கொடுத்தவர்களிடம், பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு வரை யார் பணம் அனுப்புகிறார்களோ அவர்கள் சாமான் மட்டும் வரும் என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். நேரில் சொன்னால் உங்களால் முடியாது என்று கடிதத்தின் தொனியே சொல்கிறது. மைத்துனரிடம் பழைய 22,000 ரூபாயைப் பற்றி உங்கள் மனைவி பேசுவதே நல்லது, தம்பியிடம் அக்காள் கேட்கும் முறையில் நீங்கள் கேட்க முடியாது. வெறுங்கையோடு திரும்பக் கூசினால் கோடாலித் தைலம் ஒரு டஜன் வாங்கி, ஆளுக்கு ஒரு புட்டியாக உங்கள் கைக்காசிலிருந்தே கொடுங்கள். இத்தனைக்கும் அது திருச்சியிலேயே கிடைக்கிறது.