அப்பாவின் காலண்டர் படங்களும் மகளின் பார்டர் நோட்டும்

போன மாதம் கரூரிலிருந்து ஒரு அப்பா, மகளை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்க, அவளை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கையில் இரண்டு பைகள். ஒன்றில் மகளின் ப்ளஸ் டூ மதிப்பெண் பட்டியலும் ஓவிய நோட்டுகளும். இன்னொன்றில் அவரே வரைந்தவை. முப்பது வருஷத்துக்கு முன்னால், வேலை முடிந்து வந்து திண்ணையில் உட்கார்ந்து போஸ்டர் கலரில் தீட்டிய படங்கள், ஓரமெல்லாம் செல்லரித்திருந்தன. "நானும் வரைஞ்சவன்தாங்க. அதனாலதான் சொல்றேன், இதை வெச்சுப் பொழைக்க முடியாது" என்றார். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று சித்தப்பா வீட்டில் முடிவே செய்துவிட்டார்களாம். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு முன்பணம் கட்ட நாளும் குறித்தாயிற்று.

பயப்படாதீர்கள் என்றுதான் நானும் ஆரம்பித்தேன். படங்களை மேசையில் பரப்பிய பிறகு அப்படிப் பேச மனம் வரவில்லை.

அப்பாவின் படங்களில் முக்கால்வாசி காலண்டரைப் பார்த்து வரைந்தவை. காலண்டர் சாமி படங்களுக்குப் பேர்போன ஓவியர் கோவில்பட்டி கொண்டையராஜு வழிவந்த முருகனும் லட்சுமியும், கண்ணும் நகையும் பிசகாமல். பையின் அடியில் ஒரே ஒரு பென்சில் படம் கிடந்தது: அவருடைய அம்மா தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கிறார். அதைக் காட்டவே அவர் கூச்சப்பட்டார். எனக்கோ, அவருடைய சொந்தக் கை அந்த ஒன்றில்தான் தெரிந்தது. மகளின் நோட்டில் சாமி படமே இல்லை. பாட்டியின் சேலைக் கரை, புளிய இலை வரிசை, மிதியடிப் பின்னல். ஒரு வடிவத்தை எடுத்து, பக்கம் முழுக்க அது ஓடும்படி அடுக்கியிருக்கிறாள். யாரும் சொல்லித் தராமலே.

ப்ளஸ் டூ முடித்தபோது உங்களை யார் தடுத்தது என்று கேட்டேன். அவருடைய அப்பாவாம். "வேலைக்குப் போ, படத்தை வீட்டிலே வரைஞ்சுக்க" என்றாராம். ஐயா, அதையே இப்போது நீங்கள் இவளிடம் சொல்கிறீர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் கெட்ட படிப்பு என்று நான் சொல்லவில்லை. இவளுக்குக் கணக்கில் நாட்டமும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. அதற்காகக் கடன் வாங்கிச் சேர்ப்பது வேண்டாம்.

அனிமேஷன், ஆர்க்கிடெக்சர், ஃபேஷன் படிப்புக்கான நிஃப்ட் பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்வது சென்னை எழும்பூரில் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரி, அதிலும் குறிப்பாக அதன் ஜவுளி வடிவமைப்புப் பிரிவு. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய பள்ளி அது. படம் வரைவதோடு கைத்தொழிலும் ஆரம்பம் முதலே அங்கே உண்டு. அலுமினியப் பாத்திரத் தொழில் நம் நாட்டில் வேர்விட்டதே அந்தப் பள்ளியின் பட்டறையில்தான். ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1898இல் தொடங்கிய முயற்சி அது. மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்த ராய் சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தவர். ஓவியர் ஆதிமூலம், சினிமா கலை இயக்குநர்கள் தோட்டா தரணி, சாபு சிரில் எல்லாரும் அங்கே படித்தவர்கள்.

இளங்கலை நான்கு ஆண்டு. ப்ளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். வரைந்து காட்டச் சொல்லும் தேர்வு உண்டு. அரசுக் கல்லூரி என்பதால், தனியார் டிசைன் கல்லூரிகள் கேட்கும் தொகைக்குப் பக்கத்தில்கூடக் கட்டணம் வராது.

உங்கள் மகள் நோட்டில் செய்வதற்குத் தொழிலில் 'ரிப்பீட்' என்று பெயர். பூ ஓரிடத்தில் முடிந்து அடுத்த இடத்தில் தொடங்கும்போது இணைப்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது. அப்புறம் அதை நிறம் நிறமாகப் பிரிக்க வேண்டும். வலைச் சட்டத்தின் வழியாகச் சாயத்தைத் துணியில் இறக்கும் ஸ்கிரீன் பிரின்டிங்கில் ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் என்பதால், நிறம் கூடினால் செலவும் கூடும். வடிவத்தைத் தறியிலேயே நெய்தெடுக்கும் ஜக்கார்டு நெசவு என்றால் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். ஒவ்வொரு கட்டமும், நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் சந்திக்கும் ஒரு புள்ளி. அங்கே எந்த நூல் மேலே வர வேண்டும் என்பதை அந்தக் கட்டம்தான் சொல்கிறது. கரூர்க்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரிலிருந்து பெட்ஷீட்டும் மேசை விரிப்பும் கப்பலேறிப் போகின்றன. ஒவ்வொன்றின் கரையையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார்.

சிரமத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனிகள் கல்லூரிக்கே வரிசையாக வந்து ஆள் எடுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதல் இரண்டு மூன்று வருஷம் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். கம்ப்யூட்டரில் வரையவும் கற்றே ஆக வேண்டும். இடம் கிடைக்காவிட்டால், லட்சக்கணக்கில் கடன் வாங்கித் தனியார் ஃபேஷன் கல்லூரிக்குப் போகாதீர்கள். ஒரு வருஷம் உங்கள் ஊர் டிசைன் கூடம் ஒன்றில் உதவியாளாக இருந்துவிட்டு மறுபடி எழுதட்டும்.

பாப்பா, உனக்கு ஒரே வேலைதான். தினமும் ஒரு மணி நேரம், ஜன்னல் வெளிச்சத்தில், செருப்போ சொம்போ முருங்கைக் கொத்தோ எதிரில் வைத்து நேராகப் பார்த்து வரை. போனில் இருக்கும் படத்தைப் பார்க்காதே. பழைய நோட்டுகளைக் கிழித்து எறியாதே. கிறுக்கலானவற்றிலும் தேதி போட்டு வை.

ஐயா, முன்பணம் கட்டும் நாள் வருவதற்குள் சித்தப்பாவுக்குப் போன் போடுங்கள். அதை மகள் தலையில் கட்டாமல் நீங்களே பேசுங்கள்.