குடியேறும் முன் ஒருமுறை துபாய் போய்ப் பார்க்கலாமா?

கேள்வி: கணவருக்கு துபாயில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் 9,000 திர்ஹாம், ஏப்ரலில் சேர வேண்டும். பெண் ஐந்தாம் வகுப்பு, பையன் யூ.கே.ஜி. நான் இங்கே தனியார் பள்ளியில் டீச்சர். அரையாண்டு லீவில் நால்வரும் ஒரு வாரம் போய் ஊரைப் பார்த்துவிட்டு வரலாம் என்கிறேன். மாமியார், "போகப்போற ஊர்தானே, எதுக்கு ரெண்டு செலவு?" என்கிறார். யார் சொல்வது சரி?
(பெயர் வேண்டாம், அஸ்தம்பட்டி, சேலம்)

பதில்: போவது சரி தங்கச்சி, ஆனால் நீங்கள் சொல்லும் மாதம்தான் தப்பு.

ஏற்காட்டில் என் வீட்டுக்குப் பக்கத்தில் இதை வருஷா வருஷம் பார்க்கிறேன். மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு வருவார்கள், ஏரியைப் பார்ப்பார்கள், சில்லென்று காற்று அடிக்கும், உடனே இங்கேயே ஒரு இடம் வாங்கிப் போட்டுவிடலாம் என்று புரோக்கரைத் தேடுவார்கள். மழைக்காலத்தில் நாலு நாள் கொடியில் கிடந்தும் துணி காயாது, அரிசி டப்பாவில்கூட ஈரவாடை அடிக்கும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? துபாய்க்கு டிசம்பர், ஏற்காட்டுக்கு மே மாதிரி. அழகான வெயில், ஷாப்பிங் திருவிழா, அங்கேயும் பள்ளி லீவு, அதனால் காலை டிராஃபிக்கும் குறைவு. மயங்கிவிடுவீர்கள்.

நான் அங்கே ஒன்பது வருஷம் இருந்தேன். முதல் வீட்டை ஒரு ஜனவரியில் பார்த்துக் கையெழுத்துப் போட்டோம். ஜூனில்தான் தெரிந்தது, மொட்டை மாடித் தொட்டி வெயிலில் காய்ந்து, பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தாலே கை சுட்டது. கடைசியில் பக்கத்து வீட்டு மலையாளி அக்கா சொல்லிக்கொடுத்தார்: கீஸரை அணைத்துவிட்டு வெந்நீர்க் குழாயைத் திற, வீட்டுக்குள் ஏசியில் இருக்கும் அந்தத் தண்ணீர்தான் ஆறியிருக்கும் என்று. குழந்தையை அப்படித்தான் குளிப்பாட்டினேன்.

அதனால் செப்டம்பர் கடைசியில், காலாண்டு லீவில் போங்கள். வெயிலும் புழுக்கமும் அப்போதும் குறைந்திருக்காது, பள்ளிகள் நடக்கும், ரோடு அதன் சுயரூபத்தில் இருக்கும். குழந்தைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு நீங்கள் இருவர் மட்டும் போனால் செலவும் பாதி, அவருக்கும் சமாதானம். கோவையிலிருந்து துபாய்க்குப் பக்கத்து ஊரான ஷார்ஜாவுக்கும் திருச்சியிலிருந்து துபாய்க்கும் நேரடி விமானம் இருக்கிறது. புர்ஜ் கலீஃபா எங்கேயும் போய்விடாது, குடிபோன பிறகு வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் நீங்கள்தான் சுற்றிக்காட்டப் போகிறீர்கள்.

போன இடத்தில் என்ன செய்வது? ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு, நீங்கள் வீடு எடுக்க நினைக்கும் இடத்திலிருந்து கணவருடைய ஆபீஸ் வரைக்கும் போய்ப் பாருங்கள். ஷார்ஜாவில் வாடகை குறைவு என்று எல்லாரும் சொல்வார்கள், உண்மைதான். தூரமும் நம்ம ஜங்ஷனிலிருந்து ஓமலூர் போவதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஆனால் ஷார்ஜாவிலிருந்து துபாய் வரும் அந்த இத்திஹாத் ரோட்டில் காலையில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும், சாயங்காலமும் அதே கதை. துபாயிலேயே கராமா, குஸைஸ் பக்கம் மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் வீடு பாருங்கள், அந்த தூரத்தை மத்தியானம் இரண்டு மணிக்கு நடந்தும் பாருங்கள்.

வாடகை விஷயம் நம்ம ஊர் மாதிரி இல்லை. வருஷத்துக்கு இவ்வளவு என்று பேசி, அதை நாலு செக்கோ ஆறு செக்கோ பின்தேதியிட்டுக் கொடுப்பதுதான் வழக்கம். டெபாசிட் பொதுவாக 5 சதவீதம், புரோக்கருக்கு இன்னொரு 5, மின்சாரம் தண்ணீர் டெபாசிட் 2,000 திர்ஹாம். ஒப்பந்தத்தை 'இஜாரி' என்ற அரசு வாடகைப் பதிவில் பதிவு செய்ய வேண்டும். மாநகராட்சியும் வருஷ வாடகையில் 5 சதவீதத்தை மாதாமாதம் கரண்ட் பில்லோடு சேர்த்து வாங்கிவிடும். 'சில்லர் ஃப்ரீ'யா என்று கட்டாயம் கேளுங்கள், இல்லையென்றால் ஏசிக்குத் தனி பில். திர்ஹாமை ரூபாயில் பெருக்கிப் பார்த்து சந்தோஷப்படுவதை இந்தக் கணக்கெல்லாம் போட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கு நேரிலேயே போங்கள். துபாயில் தனியார் பள்ளிகளின் ஆய்வு அறிக்கையை கே.எச்.டி.ஏ. என்ற அரசு அமைப்பு வெளியிடுகிறது, கட்டணத்தையும் அந்த அமைப்பின் வெப்சைட்டிலேயே பார்க்கலாம். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில்தான் தொடங்கும், உங்களுக்குத் தோதாக அமைந்திருக்கிறது. பெண்ணுக்கு அரபு கட்டாயப் பாடமாக வரும், இரண்டாம் மொழியாகத் தமிழ் உண்டா என்று நீங்கள்தான் கேட்க வேண்டும், எல்லாப் பள்ளியிலும் கிடையாது.

இன்னொன்று, உங்கள் கல்யாணத்தை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா? குடும்ப விசாவுக்கு அந்தச் சான்றிதழ் இங்கே மாநில அரசு, வெளியுறவுத் துறை, அமீரகத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்கி, அங்கே போயும் ஒரு முத்திரை வாங்க வேண்டும். உங்கள் டிகிரி, பி.எட். சான்றிதழ்களையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள், அங்கே வேலை தேடும்போது கேட்பார்கள். ஆஃபர் லெட்டரில் 9,000த்தில் பேசிக் எவ்வளவு என்று பாருங்கள், கிராஜுவிட்டி அதை வைத்துத்தான். விசாச் செலவு கம்பெனி பொறுப்பு, யாராவது உங்களிடம் பணம் கேட்டால் சந்தேகப்படுங்கள். பார்க்கப் போன இடத்தில் "சும்மா நாலு நாள் வேலைக்கு வாங்களேன்" என்று கணவரைக் கூப்பிட்டாலும் போகக் கூடாது, விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம்.

அப்புறம், மாமியார் எப்படியும் குருமாப் பொடி அரைத்துக் கட்டிக் கொடுப்பார். அதில் கசகசா போட வேண்டாம் என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள். அங்கே அது தடை செய்த பொருள், ஏர்போர்ட்டில் மாட்டினால் வழக்குதான். முந்திரி போட்டு அரைக்கச் சொல்லுங்கள்.