கடலா, ஏற்காடா? தனியாக ஓய்வுக்குப் போக நினைக்கும் வாசகிக்கு

கேள்வி: எனக்கு 46 வயது. சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறோம். செவ்வாப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். போன வருடம் முழுக்க மாமியாரின் இடுப்பு அறுவை சிகிச்சை, மகனின் பிளஸ் டூ என்று ஓடிவிட்டது. இப்போது உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் எதிலும் பிடிப்பில்லை. ஆடியில் பட்டறையில் வேலை குறைவு, நான்கு நாள் லீவு தருகிறார்கள். மலையும் கடலும் சேர்ந்த இடமாக, வர்க்கலா அல்லது கோகர்ணா, தனியாகப் போய் வரலாமா? கணவர் சரி என்கிறார். மாமியார்தான் "என்ன ஆச்சு உனக்கு?" என்கிறார். ஏற்காடு பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் அதெல்லாம் ஒரு பயணமா என்றும் தோன்றுகிறது.

பதில்: வணக்கம். ஆடியில் வர்க்கலாவும் வேண்டாம், கோகர்ணாவும் வேண்டாம். அரபிக்கடல் ஓரம் முழுக்க அப்போது தென்மேற்குப் பருவமழையின் பிடியில் இருக்கும். வர்க்கலாவின் அழகே கடலை ஒட்டிச் செங்குத்தாக நிற்கும் செம்மண் பாறைதான். மழையில் அதன் விளிம்பு இளகும், கீழே அலை மணலையே விழுங்கிக்கொண்டு வரும். கோகர்ணாவில் ஒரு கடற்கரையிலிருந்து அடுத்ததற்குக் குன்றேறி நடப்பதுதான் சுகம். அந்தப் பாதை மழையில் வழுக்கும். போதாததற்கு சேலத்திலிருந்து கோகர்ணாவுக்கு மங்களூரு போய் ரயில் மாறிப் போக வேண்டும். நான்கு நாளில் பாதி பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்பதிலேயே போய்விடும்.

ஏற்காட்டுக்குப் போங்கள். பயணம் ஏற்பாடு செய்வதே தொழிலாக இருக்கும் நான், முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரைக் காட்டுவது எனக்கு வருமானக் கேடு. ஆனாலும் அதைத்தான் சொல்வேன். விடுமுறையின் தெம்பு வேலைக்குத் திரும்பிய சில வாரங்களில் கரைந்துவிடுகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். வருடம் பூராவும் காத்திருந்து ஒரே ஒரு பெரிய பயணம் போய் வருவதைவிட, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அலைச்சலில்லாமல் போய் வர முடிகிற இடம்தான் உங்களைப் போன்றவர்களுக்கு உதவும். காலையில் பட்டறைக் கணக்கைப் பார்த்துவிட்டு மத்தியானம் பஸ் ஏறினால் மாலை காபி மேலே என்கிற வசதி வேறு எந்த மலைக்கு உங்களுக்கு இருக்கிறது?

ஓய்வு என்பதை ஆராய்ச்சிக்காரர்கள் எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பாருங்கள். சபீனே சொன்னென்டாக், ஷார்லட் ஃப்ரிட்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 2007-இல் நான்கு விஷயங்களைச் சொன்னார்கள். வேலை நினைப்பிலிருந்து மனம் விலகுவது, உடல் தளர்வது, புதிதாக ஏதாவது ஒன்றைச் செய்து பழகுவது, தன் நேரத்தைத் தானே தீர்மானிப்பது. குடும்பத்தோடு போகும் சுற்றுலாவில் நம் பெண்களுக்குக் கிடைக்காதது இந்தக் கடைசி ஒன்று. யாருக்கு இட்லி, யாருக்கு தோசை, யாருக்கு மாத்திரை, யார் குளித்தாயிற்று என்ற வேலை ஊர் மாறினாலும் மாறுவதில்லை. எனவே நீங்கள் தனியாகப் போக நினைத்தது சரியான யோசனைதான்.

தேதியை முதலில் பார்த்துவிடுங்கள். சேலத்துக்காரியான உங்களுக்கே தெரியும், மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊரைத் தாண்டி ராத்தங்க வீட்டில் விடமாட்டார்கள். ஆடிப்பெருக்கு, கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை விடும் நாள், சுதந்திர தினத்தை ஒட்டிய நாள்கள் இவற்றில் சேலமே ஏற்காட்டில்தான் இருக்கும். ஆக, ஆடி முதல் வாரத்தில் திங்கள் ஏறி வியாழன் இறங்குங்கள். வெள்ளி மாலைக்குப் பிறகு அந்த ஊர் வேறு ஊர். ஒண்டிக்கடை ரவுண்டானாவில் கார்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும், ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜிப் புகையும் ஹார்ன் சத்தமும்தான் மிஞ்சும்.

அடுத்து அறை. இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். புகைப்படத்தில் மலை தெரிகிறதா என்று பார்த்துப் பதிவு செய்துவிட்டு, போனபிறகு ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம் தெரியும். ஆப்பில் பணம் கட்டும் முன்னால் நேரே போன் செய்து பேசுங்கள். பேச்சிலேயே பாதி தெரிந்துவிடும். "தனியாகவா மேடம் வர்றீங்க?" என்று கேட்டு இழுத்தால் அந்த இடம் வேண்டாம். நல்ல இடத்தில் ஆதார் கேட்பார்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்பார்கள், அவ்வளவுதான். இரவு வரவேற்பில் ஆள் இருப்பாரா, சாப்பாடு உள்ளேயே கிடைக்குமா, கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா என்று நீங்களும் கேளுங்கள்.

ஆடி மாதத்துக்கு என்றே ஒரு கேள்வி இருக்கிறது: வெந்நீர் கீசரா, சோலாரா? மூன்று நாள் தொடர்ந்து மூட்டம் போட்டால் மொட்டைமாடி சோலார் தொட்டியில் வருவது பச்சைத் தண்ணீர்தான். 1,500 மீட்டர் உயரத்தில் விடிகாலை அந்தத் தண்ணீரைத் தலையில் ஊற்றிப் பார்த்தவர்கள் அப்புறம் ஓய்வைப் பற்றிப் பேசமாட்டார்கள். அதேபோலத் துணி காயாது. துவைத்துப் போட்ட நைட்டி மறுநாளும் அப்படியே சில்லென்று தொங்கும். நாளைக்கு ஒரு செட் என்று கணக்குப் போட்டு எடுத்துப் போங்கள். குடையைவிட ரெயின்கோட் நல்லது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம், குடை எந்த மூலைக்கு? ரப்பர் செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ ஒன்று போதும்.

பஸ்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புதிய பஸ் ஸ்டாண்டில் ஏறி, முன்பக்க இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு. வயிறு முட்டச் சாப்பிடாமல், போனைப் பார்க்காமல், ரோட்டையே பார்த்துக்கொண்டு போனால் தலைசுற்றல் குறையும். மழை பலமாக இருந்தால் அன்று கிளம்பவே வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்தப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்று, குப்பனூர் வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஆடி மழை அந்த அளவுக்குப் போவது அபூர்வம். காலையில் வெளிவாங்கி, பிற்பகலுக்கு மேல் பிடித்துக்கொள்ளும் மழைதான் பெரும்பாலும். அதனால் உங்கள் வெளிவேலையெல்லாம் காலையிலேயே முடியட்டும்.

மேலே போய் என்ன செய்வது? முதல் நாள் ஒன்றும் செய்யாதீர்கள், முடியாது. வீட்டில் ஓயாமல் வேலையாகவே இருந்தவர்களுக்கு அறையில் உட்கார்ந்ததும் முதலில் வருவது நிம்மதி இல்லை, ஒரு படபடப்பு. கேஸை அணைத்தார்களா, மாத்திரை கொடுத்தார்களா என்று போனை எடுக்கக் கை போகும். இதற்கு முன்கூட்டியே ஒரு ஒப்பந்தம் போடுங்கள்: இரவு எட்டு மணிக்கு நீங்கள் அழைப்பீர்கள், அவசரம் என்றால் மட்டும் அவர்கள் அழைக்கலாம். "அவசரம்" என்றால் என்னவென்றும் சொல்லிவிடுங்கள். மிக்ஸி ஜாரின் மூடி எங்கே என்பது அவசரமில்லை. தங்குமிடத்தின் எண்ணைக் கணவரிடம் எழுதிக் கொடுங்கள். எஸ்டேட் பக்கங்களில் செல்போன் சிக்னல் வந்து வந்து போகும், அப்போது அவர் பதற வேண்டியிருக்காது.

இரண்டாம் நாள் சேர்வராயன் கோயிலுக்குப் போங்கள். இந்த மலையின் உச்சி அதுதான், 1,600 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஆட்டோவில் ஏறி, இறங்கும்போது நடந்து வரலாம். தங்குமிடத்தில் சொன்னால் தெரிந்த ஆட்டோக்காரரை அழைத்துத் தருவார்கள், கூலியை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். உச்சியில் மரமில்லாமல் பரந்த புல்வெளி. குகைக்குள் குனிந்து போய்த்தான் சேர்வராயனையும் காவேரியம்மனையும் கும்பிட வேண்டும். சுற்றியுள்ள மலைக் கிராமத்து மக்களுக்கு இது குலசாமி போல. மே மாதத் திருவிழாவின்போது நிற்க இடமிருக்காது, ஆடி வாரநாளில் பூசாரியும் நாலைந்து பேரும் இருந்தாலே அதிகம். மேகம் காலுக்குக் கீழே ஓடும். எதிரில் என்ன இருக்கிறதென்றே தெரியாத மூட்டத்தில் பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்தாலும் போதும், காட்சி தெரியவில்லையே என்று கவலைப்படாதீர்கள்.

வரும் வழியில் எஸ்டேட் வேலி ஓரம் நின்று பாருங்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்த காபி, இன்று மலை முழுக்க இருக்கிறது. உயரமான சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், அதன் நிழலில் காபிச் செடி. ஆடியில் காய் பச்சையாக, கிளையை ஒட்டிக் கொத்துக் கொத்தாக உட்கார்ந்திருக்கும். அவை பழுத்துச் சிவந்து பறிப்பதற்கு மார்கழி, தை ஆகும். கோடைமழை ஒன்று விழுந்த கையோடு, மார்ச், ஏப்ரலில் போனால் கிளை தெரியாமல் வெள்ளையாகப் பூத்திருக்கும், மல்லிகை போல மணக்கும், சில நாளில் உதிர்ந்தும்விடும். அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம். அறுபதுகளில் தொடங்கியது. ஏரியில் படகு விடும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இங்கே வருவதில்லை. பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடி ஒன்றை வளர்க்கிறார்கள். இலை நுனியே மூடி போட்ட சொம்பாகத் தொங்கும், உள்ளே எட்டிப் பார்த்தால் தண்ணீர் தேங்கியிருக்கும். மேலே சொன்ன நான்கில் "புதிதாகப் பழகுவது" என்பதற்கு இதுவும் ஒரு வழி: ஒரு சிறிய நோட்டும் பென்சிலும் எடுத்துப்போய் பார்த்த இலையை வரைந்து பாருங்கள். நன்றாக வர வேண்டும் என்று ஒன்றுமில்லை, யாரும் மார்க் போடப் போவதில்லை. மீதி நேரம் தூங்குங்கள். பகலில் தூங்கினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

கிளியூர் அருவி வேண்டாம். அழகுதான், ஆனால் செங்குத்தான இறக்கம், மழையில் பாசி. தனியாக வழுக்கி விழுந்தால் தூக்க ஆளில்லை. லேடீஸ் சீட் என்ற காட்சிமுனைக்கு மூட்டமில்லாத மாலையாகப் பார்த்துப் போங்கள், கீழே சேலம் தெரியும், ஆனால் இருட்டும் முன் திரும்பிவிட வேண்டும். கெட்ட ஆட்களைவிட முதலில் பயப்பட வேண்டியது காட்டெருமைக்கு. அந்தி சாய்ந்ததும் எஸ்டேட்டிலிருந்து ரோட்டுக்கு வரும். சாதுவாக மேய்வது போலத்தான் தெரியும். போட்டோ எடுக்கப் பக்கத்தில் போகாமல், வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள். ஏரிப் பக்கம் குரங்குகள் கைப்பையைப் பிடுங்கும். அவசர உதவிக்கு 112, பெண்களுக்கான உதவிக்கு 181. எங்கே இருக்கிறீர்கள் என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைப்பதை ஊர் திரும்பியபின் வைத்துக்கொள்ளலாம்.

மாமியார் விஷயம். ஆபீஸ் டிரெய்னிங் என்று பொய் சொல்லிவிட்டுப் போகலாமா என்று இதே நிலையில் பலர் கேட்கிறார்கள். வேண்டாம். மேலே உங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் கீழே அவருக்கு ஏதாவது ஆனாலும் பொய் முதலில் உடையும், அப்புறம் அடுத்த பயணமே கிடையாது. "அத்தை, ஒரு வருஷமா ஓடியிருக்கேன், நாலு நாள் தூங்கிட்டு வர்றேன்" என்று நேராகச் சொல்லுங்கள். மருத்துவமனையில் அவர் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தது நீங்கள்தான் என்று அவருக்கும் தெரியும். கூடவே, நான்கு நாளுக்கு மாத்திரையைப் பெட்டியில் பிரித்துப் போட்டு, யார் தருவது என்று மகனிடம் ஒப்படையுங்கள். பிளஸ் டூ முடித்த பையனுக்கு அது பெரிய வேலையில்லை.

"எதிலும் பிடிப்பில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். களைப்பு என்றால் நான்கு நாள் தூக்கத்தில் கொஞ்சமாவது குறையும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, பசியில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் மலை அதற்கு மருந்தில்லை. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் அங்கே போய்விட்டு அப்புறம் பஸ் ஏறுங்கள்.

கடல் ஆசையை விட வேண்டாம். ஏற்காட்டில் தனியாக இருந்து பழகிய பிறகு தை மாதத்தில் வர்க்கலா போங்கள். அப்போது வானம் தெளிந்திருக்கும், அலை அடங்கியிருக்கும். சேலம் வழியாகத் திருவனந்தபுரம் போகும் இரவு ரயிலில் ஏறினால் மறுநாள் முற்பகலில் இறங்கிவிடலாம். பொங்கலுக்கு முன் போகாதீர்கள், சபரிமலைக் கூட்டத்தில் கேரள ரயில் எதிலும் கால் வைக்க இடமிருக்காது. முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கிறது, அதனால் கார்த்திகையிலேயே எடுத்துவிடுங்கள். 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கு இடமிருந்தால் கீழ்ப் படுக்கை தானாகவே கிடைக்கும். படிவத்தில் வயதை மட்டும் குறைத்துப் போடாதீர்கள்.