அந்த 20 சதவீதம் எங்கிருந்து வந்தது?

அன்புள்ள ஐயா,

முதுகலை ஆய்வுக்கு மின்தொகுப்பின் நிலைப்புத்தன்மையை எடுத்திருக்கிறேன். மாடலின் எல்லா அளவுருக்களுக்கும் ±20% நிச்சயமின்மை கொடுத்து, மாடல் ஓரளவு பிசகினாலும் தாங்கும்படி வடிவமைக்கும் எச்-இன்ஃபினிட்டி முறையில் ஒரு கன்ட்ரோலர் வடிவமைத்தேன். கணினியில் எந்த நிலையிலும் மின்திறனின் அலைவு அடங்கிவிடுகிறது. ஆனால் களத்தில் அலைவை அடக்க இன்னும் பழைய பிஎஸ்எஸ்தான் (பவர் சிஸ்டம் ஸ்டெபிலைசர்) ஓடுகிறது. இந்தத் துறைக்கு எதிர்காலம் உண்டா? எந்த மென்பொருளைக் கற்கலாம்?

க.

அன்புள்ள க.,

மென்பொருள் எதுவானாலும் இரண்டு மாதத்தில் கைவந்துவிடும். பிஎஸ்எஸ் பழையது என்பது ஒரு குறையே அல்ல. என்னை நிறுத்தியது அந்த 20 சதவீதம். சில வாரங்களாக 1996இல் நடந்த பெரிய மின்வெட்டைப் பற்றித்தான் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் உடனே எழுதுகிறேன்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 10, அமெரிக்காவின் மேற்குத் தொகுப்பு. தொய்ந்த கம்பிகள் மரத்தில் உரசி லைன்கள் ட்ரிப் ஆகித் துண்டித்துக்கொண்டன, ஜெனரேட்டர்களும் விழுந்தன. பிறகு ஏறக்குறைய நான்கு வினாடிக்கு ஒருமுறை மின்திறன் ஊசலாடியது. ஒவ்வொரு ஊசலும் முந்தையதைவிடப் பெரிதாகி, தொகுப்பு நான்கு துண்டாக உடைந்தது. சுமார் 75 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போயிற்று. அதே நிகழ்வுகளைப் பிறகு அந்தத் தொகுப்பின் பொறியாளர்கள் தங்கள் கணினி மாடலில் ஓட்டிப் பார்த்தார்கள். அதில் அலைவு அழகாக அடங்கியது.

உங்கள் திரையிலும் அடங்குகிறது, இல்லையா?

கவர்னர் (டர்பைனின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது), டிசி லைன் (நேர்மின்னோட்ட லைன்) என்று மாடல் பிசகிய இடங்கள் பல. எனக்கு முதன்மையாகப் படுவது சுமை, அதாவது தொகுப்பிலிருந்து மின்சாரம் இழுப்பவை. சுமையை வெறும் மின்தடையாக (ரெசிஸ்டராக) எழுதினால், மின்னழுத்தம் 10% இறங்கும்போது அது இழுக்கும் திறன் 19% இறங்கிவிடும். தொகுப்புக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். மோட்டார் அப்படி விட்டுக்கொடுக்காது. அழுத்தம் இறங்க இறங்கக் கூடுதல் கரன்ட் இழுத்து அதே வேலையைச் செய்யப் பார்க்கும். முடியாமல் நின்றுபோனால் பல மடங்கு இழுக்கும். மின்தடையின் மதிப்பை 20% அல்ல, 50% ஆட்டினாலும் அது மோட்டார் ஆகாது. சமன்பாடே வேறு! இதை யோசிக்காமல் எல்லா அளவுருவுக்கும் ஒரே எண்ணைப் போட்டது சோம்பேறித்தனம். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் உங்கள் வயதில் அதைத்தான் செய்தேன்.

முதல் வேலையில் ஒரு மின்நிலையத்துக்கு ஏவிஆர் (ஜெனரேட்டரின் மின்னழுத்தத்தைத் தானாகச் சீராக்கும் கருவி) சோதிக்கப் போனேன். கோப்பில் அதன் கெயின், அதாவது அது எவ்வளவு வலுவாக எதிர்வினை செய்யும் என்பது, 200. அதை நம்பி மூன்று வாரம் கணக்குப் போட்டிருந்தேன். பேனலைத் திறந்தால், திருகு 120க்கு நேராக இருந்தது. பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு, பதினொரு வருடம் பழைய ஒரு தேதி. ஆபரேட்டர் அருகில் வந்து, “ராத்திரி லோடு ஏறினா அலையுது தம்பி, அதான் குறைச்சு வச்சேன்” என்றார். நீண்ட லைனில் அதிக சுமை போகும்போது கூடுதல் கெயின் அலைவின் தணிப்பைத் தின்றுவிடும் என்பதை நான் பாடத்தில் படித்திருந்தேன். அவர் மீட்டர் முள்ளைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார். அவரிடம் கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

உங்கள் உழைப்பு வீண் இல்லை, க. கணக்கு சுத்தமாக இருக்கிறது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் ஒரு துணைமின்நிலையத்தின் ஃபீடர் (அங்கிருந்து சுமைகளுக்குப் போகும் லைன்) பதிவுகளை எப்படியாவது கேட்டு வாங்குங்கள். அழுத்தம் சரிந்த தருணங்களில் திறன் என்ன செய்தது என்று பாருங்கள். பிறகு அந்த 20க்குப் பதில் என்ன எண் போட்டீர்கள் என்று எழுதுங்கள், மென்பொருளை அப்போது பேசுவோம்.