7.28ஆ, 7.78ஆ?

கேள்வி: ஐயா, கணபதியில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் தொழில் சங்கத்தில், புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு ஆறு வாரப் பயிற்சி நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். முதல் வாரத்துக்கு, 'அளவுக் கருவிகளைப் பற்றி நன்கு புரிந்துகொள்வார்கள்' என்று பாட நோக்கம் எழுதிக் கொடுத்தேன். 'அளவிட முடியாத நோக்கம்' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூடவே புளூம் என்பவரின் வினைச்சொல் பட்டியல் ஒன்று. அளவுக் கருவி பற்றி எழுதியதையே அளக்க முடியாதா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: சிரித்துவிட்டேன் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த வாக்கியத்தை எழுதியவன்தான் நானும். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவுக்கு வாத்தியாராகப் போன முதல் வருடம், லெசன் பிளானில் 'மைக்ரோமீட்டர் பற்றி அறிதல்' என்று எழுதிவைத்தேன். (மைக்ரோமீட்டர் என்பது பொருளை இரண்டு முகங்களுக்கு நடுவே பிடித்து நுணுக்கமாக அளக்கும் கருவி.) பரீட்சையில் படம் வரை, பாகம் குறி, லீஸ்ட் கவுண்ட், அதாவது அது காட்டக்கூடிய மிகச் சின்ன அளவு, எவ்வளவு என்று கேட்டேன். திம்பிள் (கையால் சுற்றும் உருளை) ஒரு சுற்றுக்கு அரை மி.மீ. நகரும், அதில் 50 கோடு, ஆகவே 0.01 மி.மீ. என்று வகுப்பே எழுதித் தள்ளியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் ஒரு பின்னை (சின்ன எஃகு உருளைத் துண்டு) கையில் கொடுத்து அளக்கச் சொன்னேன். அதன் அளவு 7.78 மி.மீ. பாதிப் பேர் 7.28 என்றார்கள். ஸ்லீவில் (சுற்றாத உருளையில்) ஏழைத் தாண்டித் தெரிகிற அரை மில்லிமீட்டர் கோடு அவர்களில் ஒருவன் கண்ணிலும் படவில்லை. லீஸ்ட் கவுண்ட் சொன்ன அதே பையன்கள்!

'புரிந்துகொள்வான்' என்பது அவன் மண்டைக்குள் நடக்கிற காரியம். கை என்ன செய்யும் என்று எழுதுங்கள். ராபர்ட் மேகர் என்ற அமெரிக்கர் 1962லேயே இதை மூன்று கேள்வியில் அடக்கிவிட்டார்: என்ன செய்வான், எதை வைத்துக்கொண்டு செய்வான், எவ்வளவு சரியாகச் செய்வான். உங்கள் பாடத்துக்கு நான் இப்படி எழுதுவேன்:

'0–25 மி.மீ. மைக்ரோமீட்டரும் பத்து எஃகுப் பின்களும் கொடுத்தால், முதலில் பூஜ்ஜியப் பிழை (மூடினால் பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று) பார்த்து, 15 நிமிடத்துக்குள் பத்தையும் அளந்து, ஒன்பதையாவது 0.01 மி.மீ.க்கு மேல் பிசகாமல் எழுதுவான்.'

ஒன்பது, பதினைந்து எல்லாம் என் கணக்கு. உங்கள் பட்டறையில் எவ்வளவு பிசகினால் கடைந்த ஜாப் பழைய இரும்புக் கடைக்குப் போகும் என்பது உங்களுக்குத்தான் தெரியும், அதை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பின்களைப் பொறுக்குவதில்தான் சூட்சுமம். பத்துமே 7.28, 11.14 என்று அரைக்குக் கீழே இருந்தால், அந்தக் கோட்டைப் பார்க்காதவனும் பத்துக்குப் பத்து வாங்கிவிடுவான். நாலு பின்னாவது அரையைத் தாண்டட்டும். நோக்கத்தை இப்படி எழுதின பிறகுதான் எனக்கே இது உறைத்தது. 'அறிதல்' என்று எழுதிய வரைக்கும் எந்தப் பின்னைக் கொடுப்பது என்ற யோசனையே வந்ததில்லை.

புளூம் பட்டியலைக் கண்டு மிரள வேண்டாம். 1956ல் அவரும் கூட்டாளிகளும் கற்றலை எளியதிலிருந்து கடினமானது வரை ஆறு படியாகப் போட்டார்கள், 2001ல் அது திருத்தப்பட்டது. ஆறையும் ஏறித்தான் ஆகவேண்டும் என்று சட்டமில்லை. முதல் வாரத்துப் பையனைப் பற்றிப் போய் 'மதிப்பிடுவான்', 'உருவாக்குவான்' என்றெல்லாம் எழுதச் சொன்னால் எழுதாதீர்கள். படிவம் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

'கருவியைப் பொறுப்பாகக் கையாள்வான்' என்பதையும் சேர்க்கச் சொல்வார்கள். அதையும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழுதலாம்: ராட்செட்டை (அளவுக்கு மேல் இறுகாமல் நழுவிவிடும் முனைத் திருகை) பிடித்தே இறுக்குவான், முடித்ததும் துடைத்து, இரண்டு முகங்களும் முட்டாமல் சற்று இடைவெளி விட்டுப் பெட்டியில் வைப்பான்.

பையன்களிடம் கொடுப்பதற்கு முன் அந்தப் பத்துப் பின்னையும் நீங்களே ஒரு தரம் அளந்துவிடுங்கள். உங்கள் மைக்ரோமீட்டரின் பூஜ்ஜியத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?