எதிர்வீட்டு அக்கா பேசாமல் போனால்

எதிர்வீட்டு அக்காவின் கணவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவரிடம் இயேசுவைப் பற்றிய துண்டுப்பிரசுரம் கொடுத்தீர்கள், அன்றிலிருந்து அந்த அக்கா முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள், சகோதரி. எனக்கும் இப்படி நடந்திருக்கிறது. அந்த வலி தெரியும்.

முதலில் போய் மன்னிப்புக் கேளுங்கள். உங்கள் விசுவாசத்துக்காக அல்ல, கொடுத்த நேரத்துக்காக. விளக்கம் எதுவும் வேண்டாம். அப்புறம், ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரட்டுமா, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று விட்டுவிடுங்கள்.

வேதாகமத்தில் லூக்கா 10-ஆம் அதிகாரத்துச் சமாரியன், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்குக் காயம் கட்டினான், சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்தான். அடிபட்டவனுக்குப் போதித்ததாக அங்கே ஒரு வரியும் இல்லை. 1 பேதுரு 3:15-உம் நம் நம்பிக்கையைப் பற்றி விசாரித்துக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லத்தான் ஆயத்தமாக இருக்கச் சொல்கிறது, அதுவும் சாந்தத்தோடு. அக்கா கேட்கும்வரை அவருக்காக வீட்டில் ஜெபியுங்கள். நானும் ஜெபிக்கிறேன்.