பெட்டிக்குப் பெட்டி சென்சார் வேண்டாம், ஒரு தொங்கு தராசு போதும்

கேள்வி: தாண்டிக்குடிக்குப் பக்கத்தில் காபித் தோட்டத்தில் 12 தேன்பெட்டிகள் வைத்திருக்கிறேன். குடியிருப்பது வத்தலக்குண்டில். வாரம் ஒருமுறைதான் மேலே போக முடிகிறது. போன ஐப்பசி, கார்த்திகை மழையில் நான்கு பெட்டிகள் காலியாகிவிட்டன. இப்போது ஒருவர் வந்து, பெட்டியின் எடை, வெப்பம், சத்தம் மூன்றையும் போனுக்கு அனுப்பும் கருவி தருகிறேன், வெளிநாட்டுத் திட்டத்திலும் சேர்த்துவிடுகிறேன் என்கிறார். பெட்டிக்கு 14,000 ரூபாய்; பாதி மானியமாகத் திரும்ப வருமாம். வாங்கலாமா? வாங்கினால் கூட்டம் ஓடாமல் இருக்குமா?

பதில்: வாங்காதீர்கள். 12 பெட்டிக்கும் வேண்டாம், இப்போதைக்கு ஒன்றுக்கும் வேண்டாம்.

கருவி கூட்டத்தைப் பிடித்து வைக்காது. நடப்பதைச் சொல்லும், அவ்வளவுதான். காலை பத்து மணிக்கு ‘எடை குறைகிறது’ என்று போனில் செய்தி வந்தால் என்ன செய்வீர்கள்? பஸ் பிடித்து மேலே போய்ச் சேருவதற்குள் கூட்டம் ஏதோ ஒரு மரப்பொந்துக்குப் போயிருக்கும்.

கணக்கையும் பாருங்கள். நம்முடைய அடுக்குத் தேனீ, நன்றாகப் பார்த்துக்கொண்டால், பெட்டிக்கு வருஷம் ஐந்து கிலோவிலிருந்து பத்து கிலோ வரை தரும். ஐந்து கிலோவைக் கிலோ 600 ரூபாய்க்கு விற்றால் 3,000. ஒரு கருவியின் விலைக்கே நாலைந்து வருஷத் தேன் போய்விடும்.

கூட்டம் ஓடுவது ஒரே நாளில் எடுக்கிற முடிவும் இல்லை. அடைமழையில் பூ இருக்காது, இருந்தாலும் தேனீ வெளியே போக முடியாது. இருப்பு கரையும். ராணி முட்டையிடுவதைக் குறைத்து, பிறகு நிறுத்திவிடும். இருக்கிற புழுக்கள் வளர்ந்து தேனீயாக வெளியே வந்ததும், மிச்சத் தேனைக் குடித்துவிட்டு மொத்தமும் கிளம்பும். அடையை அரிக்கும் மெழுகுப்பூச்சி, எறும்புத் தொல்லை இருந்தால் இன்னும் சீக்கிரம். இதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகிறது. வாரம் ஒருமுறை போகிற உங்களுக்கு அது போதுமான அவகாசம். பெட்டியின் நடுவில் அடை கட்டிய சட்டத்தைத் தூக்கிப் பாருங்கள். புது முட்டை இல்லை, தேனும் இல்லை என்றால் அன்றைக்கே சர்க்கரைப் பாகு வையுங்கள், சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில். அடிப்பலகையைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். தாங்கியின் கால்களுக்கு எறும்புக் கிண்ணம் வைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். நான்கு பெட்டிகளை நீங்கள் இழந்தது இதைச் செய்யாததால்தான் என்று நினைக்கிறேன்.

சரி, கருவியில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. புழு வளரும் நடுப்பகுதியைத் தேனீக்கள் 34, 35 டிகிரியிலேயே வைத்திருக்கும். புழு இல்லாமல் போனால் அந்த வெப்பம் வெளிக்குளிருக்கு ஏற்ப ஆடத் தொடங்கும். நல்ல சென்சார் இதைக் காட்டும். ஆனால் சந்தையில் இருக்கும் பெரும்பாலான கருவிகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள மேற்கத்தியத் தேனீக்காகச் செய்தவை. நாம் இத்தாலியத் தேனீ என்கிறோமே, அந்த இனம். அதன் பெட்டி நல்ல பருவத்தில் ஐம்பது கிலோவைத் தாண்டும். அடுக்குத் தேனீக்கு நாம் வைக்கும் சின்ன நியூட்டன் பெட்டி பத்துப் பதினைந்து கிலோ. அங்கே அரை கிலோ ஏறி இறங்கினால் யாரும் கவலைப்பட மாட்டார்கள், இங்கே அரை கிலோ என்பது ஒரு கூட்டமே பிரிந்து போன எடை. போதாததற்கு, உங்கள் கொடைக்கானல் கீழ்மலை மழையில் ஊறிய மரப்பெட்டி சில நூறு கிராம் கூடிவிடும். அதைத் தேன் என்று கருவி எழுதிக்கொள்ளும். சத்தத்தை வைத்து ராணி இருக்கிறதா என்று சொல்வதும் அந்த இனத்தின் சத்தத்தைப் பதிவு செய்து பழக்கியதுதான். நம் தேனீயின் பேச்சு அதற்குப் புரியாது.

இதில் ஒன்றை மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இங்கேதான் பயந்துபோய்ப் பெட்டியைக் கலைத்து, இருக்கிற கூட்டத்தையும் ஓட்டிவிடுகிறார்கள். எடை குறைந்தால் ஆபத்து என்று பொதுவாகச் சொல்கிறோம். காபி பூக்கும் நாட்களில் இது பொருந்தாது. கோடை மழை விழுந்து, எட்டுப் பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகப் பூத்து நிற்குமே, அப்போது பூவிலிருந்து வரும் மதுவில் பாதிக்கு மேல் தண்ணீர். முதிர்ந்த தேனில் 20 சதவீதம் அளவுக்குத்தான் தண்ணீர் நிற்கும். மீதியை ராத்திரி முழுக்கச் சிறகால் விசிறி ஆவியாக்குகின்றன. அதனால் சாயங்காலம் ஏறிய எடை விடிவதற்குள் இறங்கும். விடிந்ததும் வேலைக்காரத் தேனீக்கள் வெளியே போகும், இன்னும் கொஞ்சம் இறங்கும். சாயங்காலம் திரும்ப ஏறும். இது நஷ்டம் இல்லை, தேன் முதிர்கிறது. ஆகவே சாயங்கால எடையைச் சாயங்கால எடையோடு மட்டும் ஒப்பிடுங்கள். நடுப்பகலில் ஒரே மூச்சில் அரை கிலோ இறங்கி, அன்று சாயங்காலமும் ஏறவில்லை என்றால்தான் கூட்டம் பிரிந்துவிட்டது என்று அர்த்தம்.

இனி அந்த ஆள் விஷயம். ‘பாதி திரும்ப வரும்’ என்கிற பேச்சை நம்பி முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மானியம் என்றால் ஆணை எண் இருக்கும், தோட்டக்கலை அலுவலகத்தில் நேரே போய்க் கேட்கலாம். தேனீ வளர்ப்பவர்களைப் பதிவு செய்ய மத்திய அரசு 2021-இல் தொடங்கிய மதுகிராந்தி இணையதளத்தில் சேர இந்தக் கருவி கட்டாயம் என்று சொல்பவர்களும் உண்டு. அந்தப் பதிவு வேறு, கருவி வேறு. மாதச் சந்தா எவ்வளவு, பேட்டரி போனால் யார் மாற்றுவது, உங்கள் பெட்டி இருக்கும் இடமும் தேன் கணக்கும் யார் கைக்குப் போகிறது என்று தமிழில் எழுதிக் கேளுங்கள். எழுதித் தரமாட்டார். நான் போய்ப் பார்த்த ஒரு மலைக்கிராமத்தில் பத்துப் பெட்டிக்கு இப்படிக் கருவி வைத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். திட்டக் காலம் முடிந்ததும் எங்கேயோ இருந்த சர்வரை நிறுத்திவிட்டார்கள். கருவி இன்னும் பெட்டிக்கு அடியில் கிடக்கிறது, போனில் ஒன்றும் வருவதில்லை. எத்தனை பெட்டி கொடுத்தோம், எத்தனை சென்சார் வைத்தோம் என்று எண்ணுகிறார்களே தவிர, அடுத்த வருஷம் எத்தனை கூட்டம் உயிரோடு இருக்கிறது என்று எண்ண ஆள் வருவதில்லை. 1991, 92-இல் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்துப் பைப்புழு நோய் என்கிற வைரஸ் நோய் வந்து தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் அழிந்தன. பெட்டிக்கு அடியில் வைக்கும் எடைத்தட்டோ வெப்ப சென்சாரோ அந்த நோய் இன்னதென்று சொல்லாது. சட்டத்தைத் தூக்கிப் புழுவைப் பார்க்கத் தெரிந்த ஒரு ஆள் ஊருக்கு ஒருவர் வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்கச் சொன்னால் காதில் விழுவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. கொக்கி வைத்த டிஜிட்டல் தொங்கு தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். நடுத்தரமான ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். தேனீக்கள் அடங்கிய பிறகு பெட்டியின் ஒரு பக்கத்தை விரற்கடை அளவு தூக்கி எடை பாருங்கள், அப்புறம் மறுபக்கம். இரண்டையும் கூட்டினால் ஏறக்குறையப் பெட்டி எடை. தோட்டத்தில் தங்கி வேலை செய்பவரிடம் சொன்னால் மூன்று நாளுக்கு ஒருமுறை பார்த்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அமெரிக்காவில் நாசாவில் வேலை பார்த்த வேய்ன் எசையாஸ் என்கிற கடலியல் அறிஞர் வீட்டில் தேனீ வளர்த்தவர். பெட்டியைத் தராசில் வைத்துத் தினமும் எடை குறித்துத்தான் தன் ஊரில் பூக்காலம் வருஷா வருஷம் முன்னால் நகர்வதைக் கண்டுபிடித்தார். பக்கத்துத் தோட்டக்காரர்களும் ஆளுக்கு ஒரு பெட்டி குறித்தால், கீழ்மலைக்கு எப்போது பூ, எப்போது பஞ்சம் என்று இரண்டு வருஷத்தில் தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகு நாலைந்து பேர் சேர்ந்து ஒரே ஒரு எடைத்தட்டு வாங்குவதாக இருந்தால் வாங்குங்கள். 2ஜி-யில் மட்டும் ஓடும் கருவியில் ஜியோ சிம் வேலை செய்யாது. பெட்டி இருக்கும் இடத்தில் எந்த டவர் எடுக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒரு மழை வாரம் ஓட்டிக் காட்டச் சொல்லி, அப்புறம் பணம் கொடுங்கள்.

காலியான நான்கு பெட்டிகளையும் அப்படியே அடுக்கி வைத்திருந்தால், இந்த வாரமே பழைய அடையை எடுத்து உருக்குங்கள் அல்லது எரித்துவிடுங்கள். மெழுகுப்பூச்சி அங்கிருந்துதான் மற்ற எட்டுக்கும் போகும். பெட்டியைக் கழுவி, நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவைத்த பிறகே புதுக் கூட்டத்தை வையுங்கள்.